தண்டவாளத்தில் நின்ற தண்ணீர் வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. பெட்டிச் செய்தியாகப் பிறந்தது.

துனிசியாவின் தலைநகர் துனிஸில், ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. நாட்டின் வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி அறிக்கை எழுதுகிற வேலை. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அலுவலகத்துக்குப் பெயர் கிடையாது, கம்பெனிக்குக் கிடையாது, எங்கள் ஊருக்கும் கிடையாது. மூன்றையும் எழுதினேன், மூன்றையும் அடித்துவிட்டேன்.) எங்கள் அறிக்கைகளை எழுதியவனே இரண்டாம் முறை படிக்க மாட்டான். அதனால் பக்கங்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு கட்டம் கட்டி, அதற்குள் ஒரு மனிதரை உட்கார வைப்போம். பத்து வரிதான். முதல் வரியில் அவர் கஷ்டப்படுவார், நடுவில் அரசாங்கம் வரும், கடைசி வரியில் சிரிப்பார்.

'பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நலனுக்கும் இடையே சமநிலை' என்று ஓர் அத்தியாயம். அதற்கு அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று இயக்குநர் மஹ்ஜூப் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தெற்குப் பக்கம் உங்க ஊர் ஆளா இருந்தா நல்லதுப்பா. பாஸ்பேட் ஊரு, ஏகப்பட்ட பேருக்கு வேலை குடுத்திருக்கோம். ஒருத்தனைப் பிடி. சிரிச்ச மாதிரி ஒரு போட்டோவும் வாங்கிடு."

"சார், எங்க ஊர்ல சிரிச்சா பல்லு தெரியும்."

"தெரிஞ்சா என்னப்பா?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பு. தலைநகரில் எங்களைப் பல்லை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மஹ்ஜூப் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கச் சொல்லு," என்றார்.

2

முதல் தொடக்கம்:

லஸ்ஹர் ஒரு தோட்டக்காரர். தினமும் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு—

நிறுத்து. லஸ்ஹரிடம் மண்வெட்டி கிடையாது. தோட்டமும் கிடையாது.

லஸ்ஹர் என் பெரியப்பா மகன். பல வருடங்களுக்கு முன்னால் வேலை கேட்டு ஊரே தெருவில் இறங்கியபோது, அரசாங்கம் ஒரு யோசனை செய்தது. பாஸ்பேட் கம்பெனியின் காசில் ஒரு தோட்டக் கம்பெனி ஆரம்பித்து, வேலையில்லாதவர்களையெல்லாம் தோட்டக்காரர்கள் என்று சேர்த்துக்கொண்டது. ஆளுக்கொரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். மரம் நடுவார்கள், ஊர் பசுமையாகும் என்று அறிவிப்பு. மரத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர், உரத்துக்காகச் சுரங்கத்தில் வெட்டுகிற பாஸ்பேட்டைக் கழுவுவதற்குப் போகிறது. கடைசியில், சட்டையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருங்கள், சம்பளம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

வேலையே செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான சோம்பேறிகளில் ஒருவரான—

இது நாட்டுக்குக் கடன் கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் லஸ்ஹர் இதைப் படித்தால் துனிஸுக்கே வந்து என்னை உதைப்பான். அவன் வேலைக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் வருகிற நாளில் அவன் டீக்கடைப் பக்கம் போவதில்லை, யாராவது கேலி பேசிவிடுவார்களோ என்று. வெட்கம் அவனை அரித்துத் தின்றது.

மூன்றாவது தொடக்கம்:

லஸ்ஹரின் மனைவி நசீஹாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது.

இதுதான் சரியான தொடக்கம். எழுதக் கை கூசியது, அதனால்தான் மற்ற இரண்டையும் முதலில் எழுதிப் பார்த்தேன்.*

* அடித்த தொடக்கங்களை ஏன் அப்படியே விட்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் அடித்தது எதையும் வெளியே காட்ட மாட்டோம். பதினெட்டு வருடமாக அடித்து அடித்து, என்ன அடித்தோம் என்பதே மறந்துபோய்விட்டது. இங்கேயாவது கிடக்கட்டும்.

3

நசீஹாவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, உங்களைப் பத்தி எழுதலாமான்னு..."

"எந்த மாதிரி கொழுந்தனாரே? உங்க ஆபீஸ் மாதிரியா, கதை மாதிரியா?"

"ரெண்டும் கலந்து."

"ஆபீஸுக்கு நான் சிரிச்சுக்கிட்டு இருக்கணும். கதைக்கு நான் செத்துப்போகணும். அரிப்பு எடுத்து முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு, மருமகள் வச்ச குழம்புல உப்புன்னு திட்டிக்கிட்டு இருக்கிற நசீஹா யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும் அண்ணி."

"அப்ப எழுது. ஆனா ஒண்ணு, என்னை அழ வைக்காதே. அழுறதுக்கு உடம்புல தண்ணி வேணும், அதுக்கும் டாக்டர் கணக்கு வச்சிருக்காரு."

வாரத்துக்கு மூன்று நாள் ஊர் டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறாள். சிறுநீரகம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் விஷம் மாதிரி. நாள் முழுவதும் ஒரு சின்ன டம்ளர்தான் அவளுக்கு அனுமதி. தாகத்துக்கு எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொள்வாள். ஆனால் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம், ஒரு தடவைக்கு ஒரு பெரிய பீப்பாய்த் தண்ணீரைக் குடித்துவிடும். ஊரிலேயே குறைவாகத் தண்ணீர் குடிக்கிறவளும் நான்தான், அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கிறவளும் நான்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பழுப்புப் பல் அத்தனையும் தெரியும்.

இந்த இடத்தில் நான் கட்டுரை எழுத ஆரம்பித்துவிடுவேன், மன்னியுங்கள். அந்த இயந்திரத்தில் நசீஹாவுக்கு மாட்டுகிற ஃபில்டர் வெளிநாட்டுச் சரக்கு. அதை வாங்க டாலர் வேண்டும். டாலர் வேண்டுமென்றால் பாஸ்பேட் ரயிலேறி ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் பாஸ்பேட்டைக் கழுவ வேண்டும். கழுவ எங்கள் ஊர்த் தண்ணீர் வேண்டும். நசீஹாவின் இயந்திரத்துக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். எங்கள் அத்தியாயத்தில் இதற்கு ஓர் அழகான வரைபடம் இருக்கிறது, இரண்டு வட்டம், நடுவில் ஒரு தராசு. அதைப் போட்டவன் நான்தான், நன்றாக வந்திருக்கிறது என்று மஹ்ஜூப் பாராட்டினார்.

4

கோடையில் கம்பெனி உற்பத்தியைக் கூட்டியது. நாட்டுக்குப் பணம் வேண்டும், கூட்டு என்று மேலிடத்து உத்தரவு. கழுவும் ஆலைக்குப் புதிதாக ஒரு குழாய் போட்டார்கள். ஊர்க் குழாய்கள் முதலில் இருமின, பிறகு காற்று விட்டன, பிறகு ஒன்றுமே விடவில்லை.

எங்கள் ஊரில் அரசாங்கத்தோடு பேச ஒரே ஓர் இடம்தான் உண்டு, தண்டவாளம். மனு கொடுத்தால் பதில் வராது. தண்டவாளத்தில் கூடாரம் அடித்தால் பாஸ்பேட் ரயில் நிற்கும், கப்பல் காத்திருக்கும், யாராவது காரில் வந்து இறங்குவார்கள். ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கூடாரம் போட்டார்கள். கரி அடுப்பில் டீ கொதித்துக்கொண்டே இருந்தது. ரோட்டின் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்கள். போராட்டக் குழு கூடி விதி போட்டது: ரொட்டி மாவு போகலாம், ஜனாஸா ஊர்வலம் போகலாம், ஆம்புலன்ஸ் போகலாம், கல்யாண வண்டி போகலாம். கம்பெனி முத்திரை இருக்கிற எதுவும் போகக்கூடாது.

கயிற்றைப் பிடிக்கிற பொறுப்பு லஸ்ஹருக்கு வந்தது. பெட்டியில் மடித்து வைத்திருந்த பச்சைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றான். வண்டி வந்தால் கையைக் காட்டுவான், ஓட்டுநரிடம் பேசுவான், பின்னால் போய்ப் பார்ப்பான், அவிழ்ப்பான், கட்டுவான். எத்தனையோ வருடம் கழித்து அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அதை அவன் நன்றாகச் செய்தான். சொந்த மச்சான் கம்பெனி ஜீப்பில் வந்தபோதுகூடத் திருப்பி அனுப்பினான். ஊரில் அவனுக்கு மரியாதை கூடியது, டீக்கடைக்கும் போக ஆரம்பித்தான்.

5

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைத்தால் போகலாம். கதாபாத்திரத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகம் மட்டும்தான் இங்கே.)

லஸ்ஹரை நீங்கள் நம்புவீர்களா? அவனுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. கம்பெனிக்குப் பணம் கொண்டுவருவது ரயில். ரயிலை மறித்து உட்கார்ந்திருப்பது அவன். இப்படி ஓர் ஆளைக் கற்பனையில் செய்தால், ரொம்பச் செயற்கையாக இருக்கிறதே என்று நானே அடித்துவிடுவேன். கேட்டுவிடுவது என்று போன் செய்தேன்.

"அண்ணே, நீ மறிக்கிறது உன் சம்பளத்தையேதானே?"

"ஆமாடா, கண்டுபிடிச்சுட்டான் பாரு பெரிய படிப்பாளி! எனக்குத் தெரியாதா? வேற எங்க உக்காரச் சொல்ற? உங்க ஆபீஸ் வாசல்லயா? அங்க அடுப்பு வச்சு டீ போட விடுவியா?"

"மஹ்ஜூப் சார் சொல்றாரு, ரயில் ஓடினாத்தான் அண்ணிக்கு ஃபில்டர் வரும்னு."

டீ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அவர் சொல்றது பொய்யாடா?"

"பொய் இல்லண்ணே."

"தண்ணி இல்லாட்டி ஃபில்டர் இருந்து என்ன பண்றது? இதையும் அவர்கிட்ட சொல்லு. இதுவும் பொய் இல்ல." போனை வைத்துவிட்டான்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கதையில் ஒருவன் அயோக்கியனாக இருந்தால் எவ்வளவு வசதி! மஹ்ஜூபை அயோக்கியனாக்கப் பார்த்தேன். அவர் மேஜை இழுப்பறையில் லஞ்சப் பணம் இருந்தது என்று ஒரு வரி எழுதினேன். அந்த இழுப்பறையில் இருப்பது அவருடைய சர்க்கரை மாத்திரைதான், அதுவும் மருந்துக்கடையில் கிடைக்காமல் அலைந்து வாங்கியது.

6

இனி கதை நிற்காமல் போகும்.

நான் எழுதுகிறவன், அதனால் லஸ்ஹருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் மையத்தின் குழாயும் செத்துப்போயிருந்தது. மையத்து டாக்டர் கம்பெனியிடம் போய்க் கையேந்தினார். கம்பெனி தன் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் ஒரு வண்டியில் அனுப்பியது, விடியற்காலையில், ஆலைக்குப் பின்னால் இருக்கிற மண்பாதை வழியாக, மையத்தின் பின்வாசலுக்கு. ஊரே கம்பெனியை எதிர்த்து உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் கம்பெனித் தண்ணீரில்தான் ஓடுகிறோம் என்று சொல்ல டாக்டருக்குக் கூச்சம், பயமும்கூட. நோயாளிகளுக்குக்கூட அவர் சொல்லவில்லை. குழாயில் எடுத்துக்கொண்டு, வண்டியில் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் அறிக்கையில் அந்த வண்டிக்கும் ஓர் இடம் உண்டு, 'நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பில்.

வியாழக்கிழமை பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், எங்களுக்கு ஆதரவாக என்று சொல்லி, அந்த மண்பாதையை மறித்துவிட்டார்கள். வண்டி சுற்றிக்கொண்டு, மதியம் எங்கள் கயிற்றுக்கு வந்து நின்றது. கதவில் கம்பெனி முத்திரை. ஓட்டுநர் ஃபெர்ஜானி, வெளியூர்க்காரர், நல்ல மனுஷன். ஆனால் அவரை நல்ல மனுஷன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"எங்க போகுது?" என்றான் லஸ்ஹர்.

"ஆஸ்பத்திரிக்குப்பா. கிட்னி சென்டருக்கு. தண்ணி."

கூடாரத்தில் சிரிப்பு வெடித்தது. போன வருடப் போராட்டத்தில், மருந்து என்று சொல்லி ஆலைக்கு டீசல் கொண்டுபோன வண்டி ஒன்று பிடிபட்டிருந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்கு அந்தக் கயிற்றில் மதிப்பில்லை.

"உங்க கம்பெனிக்கு எப்பய்யா ஆஸ்பத்திரி மேல பாசம் வந்துச்சு?" என்று ஒருத்தன் கேட்டான்.

"சத்தியமா சொல்றேன். தினம் கொண்டுபோறேன்."

"தினமா? நாங்க ஒரு நாளும் பாக்கலையே."

"பின்வழியா போவேன்..."

"ஓ, திருட்டு வழியா!"

எல்லோரும் லஸ்ஹரைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் மையத்தைப் பற்றித் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வாரத்துக்கு மூன்று நாள் மனைவியைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறவன். அன்று காலையில்கூட அவளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் கயிற்றுக்கு வந்திருந்தான். கட்டிலில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறேன், நீங்க போங்க என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

லஸ்ஹர் தயங்கவில்லை. தயங்கியிருக்கலாம். (இந்த இடத்தில் 'தயங்கினான்' என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஆனால் அவன் தயங்கவில்லை.)

"கிட்னி சென்டருக்குத் தண்ணி தனிக் குழாய்ல வருது," என்றான். "என் பொண்டாட்டி அங்கதான் போறா. எனக்குத் தெரியாதா? பெரியவரே, பொய் சொன்னாலும் ஆள் பாத்துச் சொல்லுங்க."

ஃபெர்ஜானி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கழுவுகிற ஆலைக்குத்தான் போகிறது என்று முடிவாகிவிட்டது.

7

திருப்பி அனுப்பியிருந்தால் இந்தக் கதையில் பாதிப் பாவம்தான்.

வண்டி திரும்ப வளைந்தபோது சல்ஹா வந்து முன்னால் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் மஞ்சள் கேன். அடுத்த தெருக்காரி, கணவன் இத்தாலிக்குப் படகேறிப் போனவன், அவன் போன பிறகு சேதி இல்லை. குழந்தைக்கு வெயில் கொப்புளம் உடம்பு பூராவும்.

"லஸ்ஹர் அண்ணே, இதை ஏன் திருப்பி அனுப்புறீங்க? இது யாரு தண்ணி? கம்பெனி கிணறு தோண்டினது எங்க மண்ணுலதானே? எம்புள்ளையைக் கழுவி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

குழு அங்கேயே நின்றபடி கூடியது. ஃபெர்ஜானி, "ஐயோ வேணாம்பா, அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்று கத்தினார். ஆலையில் உங்கள் முதலாளி காத்துக்கொண்டு இருக்கட்டும் என்றார்கள்.

லஸ்ஹர் பொறுப்பேற்றான். தள்ளுமுள்ளு ஆகிவிடக்கூடாது, வலுத்தவன் அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது. வரிசை போட்டான். வீட்டுக்கு ஒரு கேன், குழந்தை இருந்தால் இரண்டு. குழாயை அவனே திறந்து அவனே மூடினான். ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. முனங்கினவர்களை அதட்டினான், வர முடியாத கிழவர்களுக்குக் கொடுத்தனுப்பினான். கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் செய்யாத ஒரு காரியத்தை, ஒரு மணி நேரத்துக்குள், ஒரு கயிறும் ஒரு பச்சைச் சட்டையும் வைத்துக்கொண்டு செய்து முடித்தான். பெண்கள் அவனை வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

தன் கேனைக் கடைசியில் பிடித்தான். வண்டியில் அதற்குமேல் இல்லை.

8

லஸ்ஹர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் சில முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். அவனோடு அந்த வீட்டுக்குள் போக எனக்கு மனசில்லை.

வளர்ச்சி முடிவு: கூடாரம் பிரிகிறது. ரயில் ஓடுகிறது, கப்பல் நிறைகிறது, டாலர் வருகிறது, ஃபில்டர் வருகிறது. தண்ணீர் வண்டி தினமும் மையத்துக்குப் போகிறது. நசீஹா பிழைக்கிறாள். சல்ஹாவின் குழாய் காற்று விட்டுக்கொண்டே— (மஹ்ஜூப்: "இது நல்லாருக்கு. கடைசி வரியை மட்டும் எடுத்துடு.")

நலன் முடிவு: அரசாங்கம் பணிகிறது. ஆலைக் குழாயை ஊருக்குத் திருப்புகிறார்கள். பெண்கள் குரவையிடுகிறார்கள். ஆலை நிற்கிறது. தோட்டக்காரர்களுக்குச் சம்பளம் நிற்கிறது. நசீஹா, தண்ணீர் நிறைந்த இயந்திரத்துக்கு முன்னால், ஃபில்டர் வரும் என்று உட்கார்ந்து— (சல்ஹா இதைப் படித்தால் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.)

சமநிலை முடிவு: தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறார்கள். என் அத்தியாயம் கேட்பது இதைத்தான். மையத்து நர்ஸுக்குப் போன் போட்டு, பாதித் தண்ணீரில் இயந்திரம் ஓடுமா என்று கேட்டேன். "பாதியில நின்னுடும் சார். ரத்தம் வெளிய இருக்கும்போது நின்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். தெரியாது, எங்கள் வரைபடத்தில் ரத்தம் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. எழுதுகிறவன் அழுதான் என்று கதையில் எழுதுவது அசிங்கம். இருந்தாலும் வந்தது.

9

நசீஹா ஜன்னலுக்குக் கீழே மெத்தையில் கிடந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது.

"என்ன தோட்டக்காரரே, தோளுல என்ன?"

"தண்ணி! கம்பெனி வண்டியைப் பிடிச்சுட்டோம். ஊரு பூரா பிரிச்சுக் குடுத்தேன். நம்ம கேனைக் கடைசியாத்தான் பிடிச்சேன், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஆமா, நீ என்ன அதுக்குள்ள வந்துட்ட?"

"திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாரையும்."

"ஏன், மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. தண்ணி வண்டி வரலையாம்."

"வண்டியா? எந்த வண்டி?"

"கம்பெனி வண்டி. குழாய் நின்னு ரொம்ப நாளாச்சாம். பின்வாசல்ல வந்து ஊத்திட்டுப் போகுமாம். இன்னிக்குத்தான் டாக்டர் வாயைத் திறந்தார்."

லஸ்ஹர் அப்படியே நின்றான். கேன் தோளிலேயே இருந்தது.

"கீழ வைங்க," என்றாள் நசீஹா. "தோள் வலிக்கும்."

"நசீ... நான்தான் சொன்னேன். குழாய்ல வருதுன்னு நான்தான்..."

"தெரியும். வரும்போதே தெருவுல பேசிக்கிட்டாங்க. லஸ்ஹரே சொல்லிட்டாருன்னு." மூச்சு வாங்கியது. கேனைப் பார்த்தாள். "ஒரு கேன் தண்ணி. எனக்கு அதுல ஒரு டம்ளருக்கு மேல குடிக்கவும் ஆகாது. இதை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் அவன் கேனைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு ஓடினான். ஒரு கேனை வைத்துக்கொண்டு குழாயைக்கூட நனைக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள். நாளைக்குத் தண்ணீர் வந்தால் எல்லோரையும் கூப்பிடுவோம், நாளையும் வராவிட்டால் நகரத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே இயந்திரம் காலி இல்லை என்றார் டாக்டர். போன முறையும் நசீஹாவைப் பாதி நேரத்தில் எழுப்பி அனுப்பியதாக அப்போதுதான் சொன்னார். இன்னொரு நாள் அவள் உடம்பு தாங்காது என்று சொல்லும்போது அவர் லஸ்ஹரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து வீடு வீடாகப் போனான். கொடுத்த தண்ணீரைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு போனான். ஒரு வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் படுத்த படுக்கையான தகப்பனை மகன் துடைத்துக்கொண்டிருந்தான். சல்ஹா வீட்டு முற்றத்தில் ஒரு தொட்டி நிறைய அழுக்குத் தண்ணீர், பக்கத்தில் துண்டு சுற்றித் தூங்குகிற குழந்தை.

"குளிப்பாட்டிட்டேனே அண்ணே," என்றாள் சல்ஹா. "எத்தனை நாளுக்கப்புறம் தூங்குது பாருங்க. ஏன், என்ன ஆச்சு?"

அவன் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

10

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அன்றைய நாளைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அவன் சொன்னதுதான். அங்கங்கே நான் வாக்கியம் மட்டும் போட்டேன்.

"நாளைக்கு மதியம் வண்டி திரும்ப வரும்டா. ஃபெர்ஜானி சொல்லி அனுப்பிட்டாரு. மண்பாதை இன்னும் திறக்கலை. கயிறு என் கையிலதான் இருக்கும்."

"அவுத்து விட்டுடுண்ணே! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சுலபமா சொல்லிட்ட. இன்னிக்குத் தண்ணி குடுத்துப் பழக்கிட்டேனே. நாளைக்குக் காலைலேர்ந்தே கேனோட நிப்பாங்க. என் பொண்டாட்டிக்காக வண்டியை விடுங்கன்னு நான் எந்த வாயால கேக்கிறது? சென்டருக்குத் தண்ணி தேவையில்லன்னு சொன்னதும் இதே வாய்தான். உன் பொண்டாட்டி உசுரு, எம்புள்ள மசுரான்னு சல்ஹா கேப்பா. கேட்டா அவ மேல தப்பு சொல்ல முடியாது. ஒரு கம்பெனி வண்டியை விட்டா நாளைக்கு ரயிலையும் விடுவியான்னு குழுவுல கேப்பாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"யாரு காலுலயும் விழாதீங்கங்கிறா. விழுந்துட்டு வந்தா அவ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாளாம். அப்புறம் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. டேய், நீ எழுதுறவன்தானே. நாட்டுக்கே எழுதிக் குடுக்கிற. எனக்கு ஒரு வாக்கியம் எழுதிக் குடு. மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போய்ச் சொல்லிடுறேன்."

காகிதத்தை எடுத்தேன்.

அன்புள்ள ஊர் மக்களே, நீண்டகால நோக்கில் பார்த்தால்—

மிகவும் நலிந்தவர்களுக்கு முன்னுரிமை என்ற அடிப்படையில்—

எல்லோருக்கும் சமமாக— (இதைத்தான் இன்று மதியம் அவன் செய்தான்.)

இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொண்டால்—

"இருக்கியாடா?"

"இருக்கேண்ணே."

"சொல்லு, எழுதிக்கிறேன்."

என்னிடம் இல்லை. பதினெட்டு வருடம், ஆயிரக்கணக்கான பக்கம், ஒரு வாக்கியம் இல்லை. இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. ஒளித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்குத் தெரியவில்லை.

அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். போனை உங்களிடம் கொடுக்கிறேன். அவன் பெயர் லஸ்ஹர், அண்ணே என்று கூப்பிட்டால் போதும். நாளை மதியம் அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அவனிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். எதிரே சல்ஹா நிற்கிறாள், இடுப்பில் குழந்தை, கையில் காலிக் கேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.